அடைப்புக்குறி போடாத பதில்கள்

ஒரு மனிதருக்குப் புத்தி தெளிவாக இருக்கிறது என்று நான் ஒரு மருத்துவரை நம்பவைத்தேன். அவருக்குத் தெளிவாக இல்லை. இதற்காக நான் லஞ்சம் வாங்கவில்லை, பொய்க் கையெழுத்துப் போடவில்லை. நல்ல ஜெர்மன் பேசினேன், அவ்வளவுதான். அந்த நல்ல ஜெர்மனால் அவர் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டுச் சிறைத் தண்டனையும் பெற்றார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எதையும் செம்மைப்படுத்திச் சொல்வதில் எனக்கிருந்த திறமைதான் இத்தனைக்கும் காரணம். அதை இங்கேயும் காட்டினால் நன்றாயிருக்காது.

அப்போது நான் கிழக்கு ஜெர்மனிப் பக்கத்து ஹாலே நகரில் இருந்தேன். இரண்டாயிரங்களின் முதல் சில ஆண்டுகள். ஒரு பழைய தர்ம நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் பதினெட்டாம் நூற்றாண்டுத் தமிழ்க் கடிதங்களைப் படியெடுத்து ஜெர்மனில் பெயர்ப்பது என் வேலை. தரங்கம்பாடிப் பக்கத்து உபதேசியார்கள் எழுதி அனுப்பியவை அவை. கப்பலில் ஈரம் பட்டு, வந்த பிறகு பூச்சி அரித்து, ஒரு வரியில் பாதிதான் மிஞ்சியிருக்கும். மீதியை ஊகித்து நிரப்ப வேண்டும். அப்படி நிரப்பியதைச் சதுர அடைப்புக்குறிக்குள் போட வேண்டும். எது கடிதத்தில் இருந்தது, எது நான் போட்டது என்று படிப்பவருக்குத் தெரிய வேண்டுமே. அந்த ஒரு விஷயத்தில் எங்கள் துறை மிகவும் கண்டிப்பானது. நிரப்புவதில் நான் கெட்டிக்காரன் என்று பெயர் எடுத்திருந்தேன். முடியாத வாக்கியம் ஒன்றைக் கண்டால் எனக்குக் கை துறுதுறுக்கும்.

பக்கத்து நகரத்து நீதிமன்றத்துக்குத் திடீரென ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டார். இலங்கைத் தமிழர்கள் நாட்டின் மேற்குப் பக்கத்தில்தான் அதிகம், மொழிபெயர்ப்பாளர்களும் அங்கேதான். எங்கள் பக்கத்தில் தமிழ் என்றதும் யாரோ காப்பகத்தைக் கை காட்டியிருக்கிறார்கள். இருநூற்றைம்பது ஆண்டுப் பழைய தமிழைப் படிப்பவனுக்கு இன்றைய தமிழ் எம்மாத்திரம் என்று நானும் ஒப்புக்கொண்டேன். உண்மையாகவும் மனச்சாட்சிப்படியும் மொழிபெயர்ப்பேன் என்று கையை உயர்த்திச் சத்தியம் செய்தேன். அந்தச் சத்தியத்தில் அடைப்புக்குறியைப் பற்றி ஒன்றும் இல்லை.

குற்றம் சாட்டப்பட்டவர் யாழ்ப்பாணத்துக்காரர், நாற்பது வயதிருக்கும். ஓர் உணவகத்துக் குசினியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவர். ஒரு காலையில், தான் குடியிருந்த கட்டடத்தின் வாசலில் இருந்த எல்லா வீட்டுக் கடிதப் பெட்டிகளையும் திருகாணி கழற்றி எடுத்துப்போய், தன் வீட்டுக் குளியல் தொட்டியில் தண்ணீர் நிரப்பி அதில் மூழ்கடித்திருக்கிறார். தடுக்க மாடியேறி வந்த வயதான காவலாளியைத் தள்ளிவிட்டிருக்கிறார். காவலாளி படிகளில் உருண்டு இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். ஆகவே இவர் விசாரணைக் கைதியாக உள்ளே இருந்தார். நீதிமன்றம் நியமித்த வழக்கறிஞர் இரண்டு முறை போய்ப் பேசிப் பார்த்தார். இவர் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். இப்படிப்பட்டவரை வைத்து வழக்கு நடத்த முடியுமா என்று மனநல மருத்துவர் ஒருவர் பார்த்துச் சொல்லட்டும் என்று வழக்கறிஞர் கேட்டுக்கொண்டார்.

அந்தப் பரிசோதனைக்கு முன்னால் அவருடைய அக்கா என்னைத் தேடிக் காப்பகத்துக்கு வந்தார். ஒரு ஹோட்டலின் சலவைப் பகுதியில் வேலை பார்ப்பவர். படிப்பறையில் அமைதி காக்க வேண்டும் என்பதால் மாடிப்படி அருகே நின்று பேசினோம். தன் மகளுக்குப் பிரான்ஸிலிருந்து ஒரு வரன் பேசி வந்திருப்பதாகச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"ஐயா, தம்பிக்கு விசர் எண்டு மட்டும் எழுத விட்டிடாதேங்கோ. அடிச்சவன் எண்டால், ஆம்பிளைப் பிள்ளை, கோவக்காரன் எண்டு விட்டிடுவினம். விசர் எண்டால் பரம்பரை எண்டெல்லோ கதைப்பினம்."

வழக்கறிஞர் ஒரு பக்கம் தன் கட்சிக்காரர் நோயாளி என்று நிரூபிக்கப் பார்க்கிறார். சொந்த அக்கா, பைத்தியம் என்று பெயரெடுப்பதைவிடக் குற்றவாளியாகவே இருக்கட்டும் என்கிறார். எழுதுவது மருத்துவர், நான் வெறும் வாய் மட்டுந்தான் அம்மா என்று பெருந்தன்மையோடு சொல்லி அனுப்பினேன். பழியை அந்த அம்மாளின் மேல் போட்டுவிட எனக்குப் பலமுறை ஆசை வந்திருக்கிறது. ஆனால் அவர் வராமலே இருந்திருந்தாலும் நான் செய்ததைத்தான் செய்திருப்பேன்.

மருத்துவர் ஐம்பதைத் தாண்டிய பெண்மணி. நீதிமன்றங்களுக்காக இப்படிப் பலரைப் பரிசோதித்தவர். சிறைக்குள் போவதற்கு முன்பு காரில் வைத்தே எனக்கு விளக்கினார். இந்த மனிதருக்கு நோய் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் அல்ல இன்றைய கேள்வி. நோயோடும் ஒருவர் வழக்கை எதிர்கொள்ளலாம். தன் மேல் என்ன குற்றச்சாட்டு என்று தெரிகிறதா, நீதிபதி யார், வழக்கறிஞர் யார், அரசுத் தரப்பு யார் என்று பிரித்தறிகிறாரா, கேட்டதற்குப் பதில் சொல்ல முடிகிறதா, தனக்கு எது நல்லது என்று யோசித்து அதற்கேற்ப நடந்துகொள்கிறாரா, அதைச் சில மணி நேரமாவது தாக்குப்பிடிக்கிறாரா. இவ்வளவுதான். படிப்பாளியாக இருக்கத் தேவையில்லை. வரம்பு தாழ்வாகத்தான் இருக்கிறது, பெரும்பாலோர் தாண்டிவிடுவார்கள் என்றார். குற்றம் செய்த நேரத்தில் அவர் மனம் எப்படி இருந்தது என்பது தனிக் கேள்வி. யாராவது கேட்டால் அதையும் பிறகு பார்க்கலாம்.

"அவர் சொல்வதை அப்படியே தாருங்கள்," என்றார். "உளறினால் உளறலைத் தாருங்கள். எனக்கு அதுதான் வேண்டும்."

நிச்சயமாக என்றேன்.

சிறையின் சந்திப்பு அறையில் ஒரு மேசை, சன்னலுக்குக் கீழே சூடாக்கும் குழாய்கள். மருத்துவர் மூன்று கோப்பைகளில் தண்ணீர் ஊற்றி ஒன்றை அவர் முன் வைத்தார். அவர் அதைத் தொடவில்லை. குழாய்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தன் மேல் என்ன குற்றச்சாட்டு என்று தெரியுமா என்பது முதல் கேள்வி. "ஓம்," என்றார். பிறகு, "பெட்டியளை நனைச்சுவிட்டால் கதைக்காது. நனைச்சன். அந்தக் கிழவன் நனையேல்லை," என்றார். 'கடிதப் பெட்டிகளைச் சேதப்படுத்தியதும் முதியவர் ஒருவர் காயமடைந்ததும்தான்' என்று நான் ஜெர்மனில் சொன்னேன்.

நீதிபதியின் வேலை என்ன என்று கேட்டார் மருத்துவர். அவர் குழாய்களைப் பார்த்தபடியே சொன்னார். "அவர் மேலை இருக்கிறவர். மேலை இருக்கிறவைக்குத் தண்ணி ஏறாது. என்னட்டைக் கேட்டவர். நான் குடுக்கேல்லை."

இந்த இடத்தில் என் மனம் எப்படி வேலை செய்தது என்று எனக்கு இன்னும் நன்றாக நினைவிருக்கிறது. இது யாழ்ப்பாணத்துப் பேச்சுவழக்குப் போலும் என்று நினைத்தேன். அந்த ஊர்த் தமிழ் எனக்கு முழுதாகப் பிடிபடவில்லை என்பதை நான் மருத்துவரிடமும் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. 'தண்ணி ஏறாது' என்றால் செல்வாக்கு செல்லுபடியாகாது என்று பொருளாக இருக்கலாம். 'குடுக்கேல்லை' என்றால் வாக்குமூலம் கொடுக்கவில்லை என்று இருக்கலாம். எல்லாம் அழகாகப் பொருந்தியது. அரித்துப்போன வரியொன்று என் கையில் முழுமை பெறும்போது வரும் அதே சந்தோஷம் வந்தது. 'நீதிபதி உயர்ந்த இடத்தில் இருப்பவர், யாருடைய செல்வாக்குக்கும் உட்படாதவர். அவர் கேள்வி கேட்டாலும் நான் பதில் சொல்ல மறுக்கலாம்' என்றேன்.

மருத்துவர் நிமிர்ந்து பார்த்தார். மௌனமாக இருக்கும் உரிமை குற்றம் சாட்டப்பட்டவருக்கு உண்டு என்பதை அவரிடம் பரிசோதிக்கப்பட்ட ஜெர்மானியர்களே பலர் அறிந்திருக்கவில்லையாம். குறித்துக்கொண்டார். நானே பாராட்டுப் பெற்றதுபோல் எனக்குப் பெருமையாக இருந்தது.

வழக்கறிஞரைப் பற்றிக் கேட்டபோது, "தான் என்ரை ஆள் எண்டு சொல்லுறார். குழாயும் அப்பிடித்தான் சொன்னது," என்றார். 'வழக்கறிஞர் என் தரப்பில் இருப்பவர்' என்றேன் நான். குழாயை எங்கே வைப்பது என்று தெரியவில்லை, விட்டுவிட்டேன். கடைசியாக மருத்துவர், ஏன் தண்ணீர் குடிக்கவில்லை என்று சாதாரணமாகக் கேட்டார். அவர் கோப்பையைப் பார்த்துவிட்டு மெதுவாக என்னிடம் சொன்னார்: "அது கேட்டுக்கொண்டிருக்கு."

'இப்போது தாகமில்லை, நன்றி' என்றேன். நன்றியையும் நான்தான் போட்டேன்.

திரும்பும் வழியில் மருத்துவர், உங்கள் நாட்டுக்காரர் குறைவாகப் பேசினாலும் தெளிவாகப் பேசுகிறார் என்றார். அவர் இலங்கை, நான் இந்தியா என்று திருத்தினேன். அந்த நாள் முழுவதிலும் நான் செய்த ஒரே சரியான திருத்தம் அது. சுவரைப் பார்ப்பது, தண்ணீரைத் தொடாதது இரண்டும் தன்னை உறுத்துவதாகவும், ஆனால் பதில்கள் ஒன்றுவிடாமல் கேள்விக்குப் பொருந்துவதாகவும் அவர் சொன்னார். அறிக்கையும் அப்படித்தான் வந்தது. மனச்சோர்வு இருக்கலாம், ஆனால் விசாரணையை எதிர்கொள்ளத் தகுதி உண்டு. பதில்கள் இவ்வளவு ஒழுங்காக இருக்கும்போது குற்றம் செய்த நேரத்து மனநிலை பற்றிய மற்ற கேள்வியை யாரும் எழுப்பவில்லை.

விசாரணை அரை நாளில் முடிந்தது. அங்கேயும் நான்தான். ஜெர்மனியில் தீர்ப்புக்கு முன் கடைசிச் சொல் குற்றம் சாட்டப்பட்டவருக்கு உரியது. அவர் எழுந்து நின்று, தண்ணீரைப் பூட்டச் சொல்லுங்கோ என்று நீதிபதியிடம் கேட்டுக்கொண்டார். நடந்ததற்கு வருந்துகிறார் என்றேன். ஒன்றரை ஆண்டுச் சிறை.

சில நாட்கள் கழித்து, அக்காவுக்குத் தீர்ப்பைத் தமிழில் விளக்கச் சொல்லி வழக்கறிஞர் அதன் பிரதியை எனக்கு அனுப்பினார். அதைப் படிக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. 'குற்றம் சாட்டப்பட்டவரே விளக்கியபடி' என்று தொடங்கிய பத்தியில், ஒவ்வொரு வாக்கியமும் என்னுடையது. என் துணைவாக்கியங்கள், நான் விரும்பிப் பயன்படுத்தும் இணைப்புச் சொற்கள். அதில் அவருடையது என்று ஒரு சொல் இல்லை. அந்தப் பத்தியிலிருந்தே நீதிபதி, இவர் தெரிந்தே, கோபத்தால் செய்தார் என்ற முடிவுக்கு வந்திருந்தார். வருத்தம் தாமதமாகவும் சம்பிரதாயமாகவும் தெரிவிக்கப்பட்டது என்றும் ஒரு வரி. அது எனக்குக் கிடைத்த விமர்சனம்.

காப்பகத்தில் என் மேசை மேல் அன்றைக்குப் படியெடுத்த கடிதம் இருந்தது. இருநூற்றைம்பது ஆண்டுக்கு முன் செத்துப்போன ஓர் உபதேசியாருக்காக, அவர் சொல்லாத ஒற்றைச் சொல்லைக்கூட அடைப்புக்குறிக்குள் போட்டு மரியாதை செய்திருந்தேன்.

வழக்கறிஞர் மேல்முறையீடு செய்திருந்தார். அது விசாரணைக்கு வருமுன் மருத்துவரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த மனிதர் என்ன சொன்னார், நான் என்ன சொன்னேன் என்று நினைவிலிருந்து வரிசையாக ஒப்பித்தேன். மருத்துவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். திட்டவில்லை.

"அப்படியானால் அன்று நான் பரிசோதித்தது உங்களைத்தான்," என்றார். "அந்த முடிவு சரிதான். நீங்கள் விசாரணைக்குத் தகுதியானவர்."

பிறகு, இப்போது நான் ஒப்பிப்பது அந்த மனிதருடைய சொற்கள்தான் என்பதற்கு என்ன உறுதி, இதுவும் நான் ஊகித்து நிரப்பியதாக இருந்தால் என்ன செய்வது என்று கேட்டார். நிரப்புவதில் கெட்டிக்காரன் என்ற பெயரைச் சம்பாதித்தவனுடைய வாக்குமூலத்தை யார் நம்புவார்கள்? ஆனாலும் அவர் நீதிமன்றத்துக்கு எழுதினார்; தன் அறிக்கையைத் தானே திரும்பப் பெற்றுக்கொண்டார். அதற்கு அவருக்கு என்னைவிட அதிகத் துணிவு வேண்டியிருந்திருக்கும். நீதிமன்றம் மொழிபெயர்ப்பாளர் பட்டியலிலிருந்து என்னை எடுத்துவிட்டது. இதுவரை ஆற்றிய சேவைக்கு நன்றி என்று கடிதம் வந்தது. வேறு தண்டனை ஒன்றும் இல்லை.

புதிதாக மேற்கிலிருந்து ஓர் இளம்பெண்ணை வரவழைத்தார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை. அதற்குள் அந்த மனிதரைச் சிறை மருத்துவமனைக்கு மாற்றி மாத்திரை கொடுக்கத் தொடங்கியிருந்தார்கள். ஆகவே இம்முறை, கேட்டதற்கு அவரே நேராகப் பதில் சொன்னார். விசாரணைக்குத் தகுதி உண்டு என்றே மறுபடியும் முடிவானது, இந்தத் தடவை உண்மையாகவே. கூடவே, சம்பவம் நடந்த காலையில் தண்ணீரும் பெட்டிகளும் தன்னோடு என்ன பேசின என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். அந்தப் பெண் ஒரு சொல் விடாமல் ஜெர்மனில் தந்தார். விளைவு, குற்றம் செய்த நேரத்தில் அவர் அதற்குப் பொறுப்பாளி அல்ல என்று மேல் நீதிமன்றம் சொல்லிவிட்டது. தண்டனை ரத்து.

அன்று நீதிமன்ற வராந்தாவில் நான் சிறிது நேரம் நிம்மதியாக இருந்தேன். தீர்ப்பின் இரண்டாம் பகுதியை வழக்கறிஞர் வந்து சொல்லும்வரை. நோயினால் மறுபடியும் யாருக்காவது கடுமையான காயம் ஏற்படலாம் என்பதால் அவரை மனநல மருத்துவமனையில் அடைத்துவைக்க உத்தரவு. எவ்வளவு காலம் என்று கேட்டேன். காலவரை கிடையாது, ஆண்டுக்கு ஒருமுறை நீதிமன்றம் பார்த்து, போதும் அல்லது போதாது என்று சொல்லும். மேல்முறையீடு செய்தவருக்கு அதனாலேயே தண்டனை கூடக் கூடாது என்று சட்டம் இருக்கிறதே என்றேன். இருக்கிறது, ஆனால் மருத்துவமனை தண்டனை அல்ல என்பதும் சட்டம்தான் என்றார் வழக்கறிஞர். மிகவும் ஒழுங்கான வாக்கியம். அதில் நிரப்ப இடமே இல்லை.

அக்கா மேலங்கியின் பொத்தானைப் போட்டுக்கொண்டே என்னருகில் வந்தார். பிரான்ஸ் வரன் ஏற்கெனவே பின்வாங்கியிருந்தது.

"ஜெயில் எண்டால் ஒரு திகதி சொல்லி விட்டிருப்பினம், ஐயா," என்றார். "நீங்கள் நல்லதெண்டுதான் செய்திருப்பியள்." பிறகு ரயிலுக்கு நேரமாகிறது என்று போய்விட்டார்.

மருத்துவமனையில் அவருக்கு நல்ல கவனிப்பு இருந்தது. அதை மறைக்கக் கூடாது. சிறையில் குழாயைப் பார்த்துக்கொண்டே செத்திருக்கக்கூடியவர் அங்கே சாப்பிட்டார், தூங்கினார், தச்சுப் பட்டறைக்குப் போனார். ஒன்றரை ஆண்டு முடிந்தது. சிறையில் இருந்திருந்தால் வெளியே வந்திருப்பார். அங்கே கதவு திறக்கவில்லை. அதன் பிறகுதான், வெட்கத்தை விட்டு, அவரைப் பார்க்க அனுமதி கேட்டேன். அவரும் சம்மதித்தார்.

சந்திப்பு அறையில் ஒரு பெரிய ஜாடியில் தண்ணீர் இருந்தது. அவர் எனக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டுத் தானும் குடித்தார். உடம்பு கொஞ்சம் ஊதியிருந்தது. தயார் செய்துகொண்டு போயிருந்த பேச்சை விட்டுவிட்டு, முதல் பரிசோதனையில் நீங்கள் சொல்லாததையெல்லாம் நீங்கள் சொன்னதாகச் சொல்லிவிட்டேன், மன்னியுங்கள் என்றேன்.

"தெரியும்," என்றார் அவர்.

எனக்குப் புரியவில்லை.

"நான் எத்தினை தரம் தண்ணி எண்டனான். உங்கடை வாயிலை ஒருக்காலும் வாசர் எண்டு வரேல்லை. டொச்சுக்காரன்ரை குசினியிலை இத்தினை வருசம் கோப்பை கழுவினனான். வாசர் எண்டால் தெரியாதே எனக்கு?"

ஜெர்மனில் தண்ணீருக்கு வாசர் என்றுதான் பெயர். தெரிந்தும் ஏன் மருத்துவரிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"தண்ணிக்கு விளங்கக் கூடாதெண்டு நீங்கள் மறைச்சுச் சொல்லுறியள் எண்டெல்லோ நினைச்சனான்." சிரித்தார். "அந்த அறையிலை என்ரை பக்கம் நிண்டது நீங்கள் ஒராள்தான் எண்டு நினைச்சன். அப்ப எனக்கு வருத்தம்தானே, ஐயா." வருத்தம் என்று அவர் சொன்னது நோயை.

தனக்கு எது நல்லது என்று யோசித்து அதற்கேற்ப நடந்துகொள்கிறாரா என்று மருத்துவர் அன்று தேடியது இதைத்தான். இந்த மனிதர் தேடிப் பார்த்து, ஓர் ஆளைத் தேர்ந்தெடுத்து, நம்பி, அதற்காகவே வாய் மூடி இருந்திருக்கிறார். தேர்ந்தெடுத்தது என்னை.

ஆண்டுப் பரிசீலனை அடுத்த மாதம் வருவதாகச் சொன்னார். அந்த இளம்பெண்தான் மொழிபெயர்ப்புக்கு வருவாராம். கெட்டிக்காரப் பிள்ளை, ஆனால் ஒரு கரைச்சல் என்றார். "நான் சொல்லுறதை அப்பிடியே சொல்லிப்போடுது. போன முறை, இரவிலை இன்னும் சாடையாச் சத்தம் கேக்குது எண்டன். அதையும் சொல்லிப்போட்டுது. இன்னுமொரு வருசம் எழுதிப்போட்டினம். இந்த முறை நீங்கள் வாங்கோவன். நீங்கள் வடிவாச் சொல்லுவியள்."

பட்டியலிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள் என்றேன். கேட்டால் திரும்பவும் சேர்ப்பார்கள் என்றார்; வேண்டுமானால் தானே கேட்பதாகவும் சொன்னார். ஒரு கணம் எனக்குக் கை துறுதுறுத்ததை இங்கே ஒப்புக்கொள்கிறேன். லேசாகக் கேட்கும் அந்தச் சத்தத்தை விட்டுவிட்டால் ஒரு மனிதர் வீட்டுக்குப் போகலாம். அது எனக்கு அரை வாக்கியம்.

"நான் வந்தாலும் இனிமே நீங்க சொல்றதை மட்டும்தான் சொல்லுவேன்," என்றேன்.

அவர் கோப்பையில் மிஞ்சியிருந்த தண்ணீரைக் குடித்து முடித்தார்.

"அப்ப வேண்டாம்," என்றார். "அதுக்கு அந்தப் பிள்ளையே போதும்."